லோகு தேய்த்த சிலிண்டர்

போன மாதம் பதுளை டவுனில் ஒரு மரக்கறி லாரியை முட்டிவிட்டேன்.

மெதுவாகத்தான்! நெரிசலில் லாரி நின்றது. நானும் கிளட்ச்சைப் பிடித்தபடி காலை ஊன்றினேன். என் பைக் நிற்கவில்லை. கை கிளட்ச்சை இறுக்கிப் பிடித்திருக்கிறது... வண்டியோ தன் பாட்டுக்கு முன்னால் போகிறது. நான் பிரேக்கைப் பிடிப்பதற்குள் – டொக்!

டிரைவர் இறங்கி வந்தார். "என்னா மிஸ், பிரேக் இல்லையா?"

"பிரேக் நல்லா இருக்குங்க. கிளட்ச்தான் இல்ல."

"அப்ப பரவால்ல" என்று சிரித்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டார். லாரிக்கு ஒரு கீறல் கூட இல்லை. என் மானத்துக்குத்தான் கொஞ்சம்.

என் பைக்கைப் பற்றி இந்தப் பக்கத்தில் நிறையவே எழுதி அளந்திருக்கிறேன். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன் – ஜப்பானில் பிறந்த பழைய 250 சிசி. நமுனுகுல பக்கத்தில் நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டம். அங்கிருந்து நான் படிப்பிக்கும் ஸ்கூலுக்கும், பதுளைக்கும் அதில்தான் போகிறேன். 'பொம்பளைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி?' என்று கேட்டவர்களை எல்லாம் எப்போதோ ஓவர்டேக் செய்தாயிற்று.

இதன் கிளட்ச்சுக்கு கேபிள் கிடையாது. எல்லாம் ஆயில். ஹேண்டில் பாரில் ஒரு குட்டி சிலிண்டர், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றி ரப்பர். ரப்பர் பழுதானால் ஆயில் கசியும், கிளட்ச் பிடிக்காது. அப்போது ரப்பரை மட்டும் மாற்றுவதா, சிலிண்டரையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா?

ரப்பரை மாற்றினோம். ஒரு தடவை இல்லை, ஆறு மாதத்தில் மூன்று தடவை! மாற்றியவர் லோகு. ஜங்ஷனில் கராஜ் வைத்திருக்கும் என் கொழுந்தன், வீட்டுக்காரரின் ஒரே தம்பி. ஒவ்வொரு தடவையும் "இனி பயப்படாம போங்க அண்ணி" என்பார். நானும் போவேன். இரண்டு மாதத்தில் திரும்பவும் கசியும்.

லாரியை முட்டிய அன்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "டவுன்ல வேற யார்கிட்டயாவது ஒருக்கா காட்டிட்டு வரட்டா?"

"கொழுந்தன் கராஜ் வச்சிருக்கான், அண்ணி வேற கராஜுக்குப் போறாளுன்னு தெரிஞ்சா ஊரு என்னா பேசும்? அவன் பொழப்புல மண்ண போட்றாத."

அதுவும் நியாயம்தான். தோட்டத்தில் நீங்கள் கட்சி மாறலாம், யூனியன் மாறலாம். சொந்தத்தில் ஒரு மெக்கானிக் இருந்தால், மெக்கானிக்கை மட்டும் மாற்ற முடியாது.

நான் போனேன்.

சனிக்கிழமை, பதுளையில் ஒரு சிங்களக்காரரின் கராஜ். யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் இந்தப் பைக்கில் வரும் ஒரே பெண் நான்தான் என்பது பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது... கழற்றி வைத்தேன்.

அவர் சிலிண்டரைக் கழற்றினார், துடைத்தார், உள்ளே சுண்டு விரல் நகத்தை விட்டு இழுத்தார். "மிஸ், நீங்களும் பாருங்க" என்று நீட்டினார்.

என் நகம் சிக்கிச் சிக்கி வந்தது.

"நகம் வழுக்கிட்டு வந்தா ரப்பர் மட்டும் போதும். மாட்டினா முழுசா மாத்தணும். இத யாரோ எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சிருக்கு மிஸ். உள்ள கோடு கோடா இருக்கு. எத்தன ரப்பர் போட்டாலும் அந்தக் கோடு தின்னுடும்."

யாரோவா! எனக்குத் தெரியாதா? எங்கள் மலைப் பனியில் இந்த ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உள்ளே புள்ளி புள்ளியாக அரிக்கும். லோகு அதைப் பார்த்திருப்பார். தேய்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? ஒழுகும் லயத்து வரிசை வீட்டுக் கூரைக்கு வருஷா வருஷம் தார் பூசியே பழகிய கை நம்முடையது. 'மாற்று' என்ற சொல்லே நம் வாயில் லேசில் வராது.

சரி, புது சிலிண்டரை வாங்கி மாட்டிவிட்டு, லோகுவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். குடும்பமும் கெடாது, கிளட்ச்சும் கெடாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு எழும்பும்போது, அந்த மனுஷர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கிளட்ச் போனா என்ன மிஸ், ரோட்டு ஓரமா தள்ளிட்டுப் போகலாம். இந்த ஆளு பிரேக் சிலிண்டரையும் இப்படித் தேய்ச்சா?"

எழும்பியவள் திரும்பவும் உட்கார்ந்துவிட்டேன்.

சேகரின் ஆட்டோ! எங்கள் லயத்துப் பிள்ளைகள் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு தினமும் ஸ்கூலுக்கு வரும் ஆட்டோ. போன வாரம்தான் அதற்கு லோகு பிரேக் வேலை பார்த்தார். எங்கள் தோட்டத்திலிருந்து ஸ்கூல் வரைக்கும் ஒரே இறக்கம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். அந்த எட்டில் மூன்று என் வகுப்புப் பிள்ளைகள்.

பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, சிலிண்டரைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். நேரே லோகுவின் கராஜ்.

"லோகு, இதுக்குள்ள நகத்த விட்டுப் பாருங்க."

அவர் சிலிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "எங்க கொண்டுபோய் காட்டுனீங்க? எனக்கு வேல தெரியலன்னு ஊரு பூரா சொல்லிட்டு வந்தீங்களா அண்ணி? சொந்த அண்ணியே இப்புடி செஞ்சா வெளியாளு எவன் வருவான்?"

"என்னைய அப்பறமா திட்டுங்க. சேகர் ஆட்டோவோட பிரேக்கையும் இப்படித்தான் தேய்ச்சீங்களா?"

லோகு கையில் இருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார். பிறகு சேகருக்குப் போன் போட்டார்.

ஆட்டோ வந்தது. லோகு தானே கழற்றி, தானே நகத்தை விட்டுப் பார்த்தார். ஆட்டோ சாவியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னாண்ணே, திங்கக்கெழம புள்ளைங்க எப்புடிப் போவும்?" என்றார் சேகர்.

"நடந்து போவட்டும். புது சிலிண்டர் வர்ற வரைக்கும் இது ஓடாது."

கொழும்பிலிருந்து சாமான் வர நான்கு நாள். நான்கு நாளும் பிள்ளைகள் நடந்தார்கள். மழை வேறு. பெற்றோர் கராஜுக்கே வந்து சத்தம் போட்டார்கள். லோகு நினைத்திருந்தால் சாமானைக் குறை சொல்லியிருக்கலாம், சேகரைக் குறை சொல்லியிருக்கலாம். "நான்தான் தப்பா தேய்ச்சுட்டேன்" என்றார். அத்தனை பேர் முன்னால்! என் கொழுந்தனை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அதைச் சொல்லத்தான் அவர் இடம் கொடுக்கவில்லை.

ஆமாம், லோகு இன்னும் என்னோடு பேசுவதில்லை. பதுளையில் விட்ட என் பைக்கை ஏற்றி வந்து, புது சிலிண்டர் வந்ததும் அவரேதான் மாட்டினார் – வாயைத் திறக்காமல். வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரர் வேலை பார்க்கிறார். 'தேவையா இது உனக்கு?' என்று என்னையும் பார்வையால் கேட்கிறார்.

தேவைதான். தினமும் காலையில் ஆட்டோ இறக்கம் இறங்கி வந்து ஸ்கூல் கேட்டில் நிற்கிறது. பிள்ளைகள் குதித்து இறங்குகிறார்கள். எட்டுப் பேரும் இருக்கிறார்களா என்று எண்ணிவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன்.

லோகு பேசும்போது பேசட்டும்... எனக்கு அவசரமில்லை.