பாடுகிறவன் நிறுத்திய இடம்

குற்றாலத்தில் எவனோ ஒருவன் காரில், சிறுவயதில் நான் உயிராகக் கேட்ட ஹார்ட் ராக் பாட்டு ஓடியது. பாடகன் முடித்த பிறகும் கிட்டார் நிற்காமல் கதறிக்கொண்டே போனது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கேசட்டில் இது கிடையாது.

டேப் ஹெட் துடைக்கிற ஸ்பிரிட் வாடையும் சூடேறிய டேப்ரெக்கார்டர் வாடையுமாகக் கிடந்த தென்காசிக் கடையில், வெற்றுக் கேசட்டில் பாட்டு ஏற்றித் தரும் அண்ணாச்சியிடம், எல்லாப் பாட்டும் ஏன் வெட்டின மாதிரி நிற்கிறது என்று அந்தச் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன்.

“ஏலே, பாடுதவன் வாயை மூடிட்டாம்லா, பொறவு என்ன பாட்டு?”

நம்பித் தொலைத்தேன். ஒரே கேசட்டில் நிறையப் பாட்டை அடைக்க, மனுஷன் கிட்டாரையெல்லாம் வெட்டி எறிந்திருக்கிறார்.

இன்று கடையும் இல்லை, அண்ணாச்சியும் இல்லை. இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து அந்தக் கார் பக்கத்தில் நிறுத்தி, “இதைக் கேளும்வே” என்றிருப்பேன்.