பத்து மணிக்குப் போட்ட கூட்டம்

காலை 7.40. மரக்காணத்தில் பஸ் ஏறினேன். புதுச்சேரிக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் நாற்பது ரூபாய். பெண்களுக்கான ஒதுக்கீட்டில் ஜெயித்த வார்டு உறுப்பினர் நான். பஸ் வசதி பற்றி அங்கே கூட்டம் போட்டுப் பெண்களிடமே கருத்துக் கேட்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நாமும் கற்றுக்கொண்டு வரலாமே என்று கிளம்பியிருந்தேன்.

8.30. காலாப்பட்டில் மீன் கூடைகளோடு நான்கு பெண்கள் கை காட்டினார்கள். பஸ் நிற்கவில்லை.

"ஏன் தம்பி நிறுத்தல?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"கூடைய ஏத்துனா மத்தவங்க சண்டைக்கு வராங்கக்கா."

சுருக்கென்றது. ஆனால் அன்று நான் புதுப்புடவை கட்டியிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

10.00. அரசு அலுவலகம் ஒன்றின் கூட்ட அறை. நடத்தியவர் ஓர் இளம்பெண் அதிகாரி. நிறுத்தங்களில் விளக்கு, கேமரா, உட்கார பெஞ்சு என்று திரையில் அழகழகான படங்கள். பெண்களின் கருத்தைச் சொல்ல வந்திருந்த பதினைந்து பேரில் பதினோரு பேர் ஆண்கள்! "வீட்ல அவங்களுக்கு வேல இருக்கு, அதான் நான் வந்துட்டேன்" என்றார் பக்கத்திலிருந்தவர், பெருமையாக.

11.15. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தார். காலையில் கை காட்டியவர்களில் ஒருவர். பச்சைச் சேலையை வைத்துக் கண்டுகொண்டேன். பெயர் அஞ்சலை. பெரிய மார்க்கெட்டில் கூடையைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருந்தார்.

"மூணு பஸ்ஸு நிக்கலம்மா. நாலாவது வண்டியில வரதுக்குள்ள மீனு வாடிப்போச்சி. லைட்டு போடுங்க, வாணாங்கல. மொதல்ல வண்டிய நிறுத்துங்க. டெய்லி இப்படின்னா நான் யாவாரத்தையே வுட்டுட வேண்டியதுதான்."

"உங்க கூட இருக்கறவங்க ஏன் வரல?" என்றார் அதிகாரி.

"பத்து மணி எங்களுக்கு யாவாரம் சூடு புடிக்கிற நேரம். ரெண்டு மணிக்கு மேல மார்க்கெட்டுக்கு வாங்க, எல்லாரும் பேசுவோம்."

அதிகாரி சாக்குப்போக்கு சொல்வார் என்று நினைத்தேன். அவர் கம்ப்யூட்டரை மூடினார். "சரிக்கா, ரெண்டரைக்கு வரேன்."

2.30. ஐஸ் தண்ணீர் ஓடும் தரை, கவிழ்த்துப் போட்ட பெட்டிகளே நாற்காலி. இருபது பெண்களுக்கு மேல் இருந்தார்கள், ஆளாளுக்குப் பேசினார்கள். காலை அரசு பஸ்கள் இரண்டில் பின்சீட்டுகளை எடுத்துவிட்டுக் கூடைக்கு இடம், ஒரு மாதச் சோதனை என்று பேசி முடிவானது. அதிகாரி தன் மேலதிகாரிக்குப் போன் போட்டு அங்கேயே சம்மதம் வாங்கினார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

"திங்கக்கெழம வண்டி நின்னாதான் நம்புவேன்," என்றார் அஞ்சலை.

"நிக்கும். காலாப்பட்டுலேந்து அதே வண்டியில நானும் வரேன்க்கா," என்றார் அதிகாரி.

மாலை 5.10. திரும்பும் பஸ்ஸில், பத்து மணிக்குக் கூட்டம் போட்ட அந்த அதிகாரியை நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன். அப்புறம் என் வார்டுக் கூட்ட அறிவிப்பைப் போனில் திறந்தேன். நானே எழுதியது: செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி. எங்கள் வார்டுப் பெண்களில் பாதிப்பேர் அந்நேரம் உப்பளத்தில் நிற்பார்கள். கூப்பிட்டாலும் பெண்கள் வருவதில்லை என்று மேடைதோறும் குறைபட்டுக்கொண்டவளும் நான்தான். வெட்கமாகப் போய்விட்டது.

பக்கத்து சீட்டில் எங்கள் வார்டு கலா. உப்பளத் தொழிலாளி, ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்.

"கூட்டத்த எத்தன மணிக்கு வச்சா உங்களுக்குத் தோதுப்படும் கலா?"

"வெயில் தாழ, அஞ்சு மணிக்கு வைங்க மெம்பரம்மா. எல்லாருமே வருவோம்." மடியிலிருந்த மருந்துப் பையை நகர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "இத இத்தினி நாளா எங்கள யாருமே கேக்கலியே."

காலாப்பட்டு தாண்டுவதற்குள் 11ஐ அழித்து 5 என்று போட்டேன்.