ஹெனானுக்குப் போன பத்துக் கிலோ முந்திரி

முதல் நாள், காலை பத்தரை. பெய்ஜிங்கில் ரயிலேறி முழுசாக மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, அறுநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் தாண்டி ஜெங்சோவில் இறக்கிவிட்டார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து சென்னை விமான நிலையம் வரவே எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆனது! "அண்ணி, டீ கப்பு ஆடவே இல்ல பாத்தீங்களா?" என்று இருபதாவது தடவையாகச் சொன்னான் என் கொழுந்தன் செல்வம்.

ஹெனான் மாகாணத்தின் தலைநகரம் இந்த ஜெங்சோ. கடலையே பார்க்காத உள்நாடு; மக்களோ கிட்டத்தட்ட பத்துக் கோடி, தமிழ்நாட்டைவிட ஜாஸ்தி. வழியெல்லாம் அறுப்புக்கு நின்ற கோதுமை. நடுநடுவே மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை. எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. மல்லாட்டை விளைகிற ஊரில் எனக்கென்ன பயம்!

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எனக்கு முந்திரிக்கொட்டை உடைக்கிற ஷெட் இருக்கிறது. எட்டுப் பெண்கள் வேலை செய்கிறார்கள். கொட்டையின் ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். போன வருஷம் அவர்களில் ஒருத்தி, அஞ்சலை, கையை நீட்டிக் காட்டினாள். "ரசஞ்சோறு பெசஞ்சா எரியுதுக்கா. ஏதாச்சும் மெஷின பாரேன்." அன்றோடு என் தூக்கம் போச்சு. இந்த ஜெங்சோவைச் சுற்றி இப்படிப்பட்ட இயந்திரம் செய்கிற சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் நிறைய. நம் கொட்டையை ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று பத்துக் கிலோவை அவித்து, ஆறவைத்து, முன்பே கூரியரில் அனுப்பியிருந்தேன். பருப்பு முழுசாக வந்தால் வாங்குவது. நொறுங்கினால் வெறுங்கையோடு திரும்புவது.

இரண்டாம் நாள், காலை ஏழு. மிளகைத் தாராளமாகப் போட்ட கொழகொழ சூப்தான் இங்கே காலை ஆகாரம். கிண்ணம் எட்டு யுவான், நம் காசுக்கு நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு வாய் குடித்ததுமே செல்வத்துக்கு மூக்கில் தண்ணி. "நம்ம மிளகு ரசத்த கஞ்சியாக்கிட்டானுங்க அண்ணி!" என்றவன் இன்னொரு கிண்ணம் வாங்கினான்.

தொழிற்சாலையில் மறுநாள்தான் வரச் சொல்லியிருந்தார்கள். சும்மா இருப்பானேன் என்று கைஃபெங்குக்கு ரயிலேறினோம். ஐம்பது கிலோமீட்டர், பதினெட்டு யுவான், அரை மணி நேரம். ஒரு காலத்தில் பேரரசின் தலைநகரம். மஞ்சள் ஆற்று வெள்ளம் ஊரை வண்டலால் மூட, அதன் மேலேயே அடுத்த ஊரைக் கட்டியிருக்கிறார்கள். இப்படி மண்ணுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு ஊர்கள்! டாக்ஸி பிடித்து ஆற்றங்கரைக்குப் போனோம். கரைமேல் ஏறிப் பார்த்தால், அடி ஆத்தீ, ஆறு மேலே, ஊர் கீழே! வண்டல் படிந்து படிந்து ஆற்றின் அடித்தரையே ஊரைவிட உயர்ந்துவிட்டது. வீராணம் ஏரிக்கரையில் நின்று வயலைக் குனிந்து பார்த்து வளர்ந்தவள் நான். நானே இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"பயமா இல்லையா?" என்று டிரைவரிடம் கைப்பேசியில் மொழிபெயர்த்துக் கேட்டேன். அவர் சொன்னதை அது மேடைப் பேச்சாளர் மாதிரி தமிழில் சொன்னது: "அச்சம் உண்டு. ஆகையால் கரையை நாள்தோறும் பார்க்கிறோம்."

மூன்றாம் நாள், காலை ஒன்பது. தொழிற்சாலைக்காரி லியு அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். என் மூட்டையைப் பிரித்துக் கொட்டி இயந்திரத்தை ஓட்டினாள். கடகடவென்று சத்தம். தட்டில் வந்து விழுந்தது பருப்பு, மெல்லிய உள்தோலோடு, முழுசு முழுசாக! நொறுங்கல் ஒரு கைப்பிடிகூட இல்லை. செல்வம் குதித்தே விட்டான். லியு அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். ஆர்டர் தாள் வந்தது, பேனாவைக் கையில் எடுத்தேன்.

மேஜையில் நாலைந்து கொட்டை மீந்து கிடந்தது. எல்லாம் ஒரே அளவு. பேனா அப்படியே நின்றுவிட்டது.

வெளிநாட்டுக்குப் போகிற சரக்காச்சே, குறிஞ்சிப்பாடி மானம் போகக் கூடாதே என்று அந்தப் பத்துக் கிலோவை நானும் அஞ்சலையும் மூன்று மூட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். விருந்தாளிக்குப் பெரிய மீன்துண்டு வைக்கிற புத்தி! நிஜமான மூட்டையில் பெரிசு, சின்னது, சூம்பிப்போனது எல்லாம் கலந்துதான் இருக்கும். ஒரே அளவுக்கு வைத்த பிளேடு சின்னதை விட்டுவிடும், பெரிசை நொறுக்கிவிடும்; அதுக்கு மானமா தெரியும்?

விஷயத்தைச் சொன்னதும் செல்வம் காதோரம் முணுமுணுத்தான். "போட்டுருங்க அண்ணி. ஊருக்குப் போயி சலிச்சிக்கலாம்."

"சலிச்சா மீதிச் சின்னக் கொட்டய யாரு ஒடப்பா? அஞ்சலதான?"

வெட்கத்தை விட்டு லியு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. கைப்பேசி சொன்னது: "எங்கள் இல்லத்திலும் விருந்தினர்க்குப் பெரிய வேர்க்கடலையை மட்டுமே வறுப்போம். தாங்கள் பொறுக்காத மூட்டை ஒன்றை அனுப்புக."

கையெழுத்துப் போடாமல் ரயிலேறினேன். வரும்போது மஞ்சளாக நின்ற கோதுமையைப் பாதி அறுத்திருந்தார்கள். வெறுங்கைதான், ஆனாலும் மனசு என்னவோ துள்ளிக்கொண்டுதான் இருந்தது.

ஊருக்கு வந்த மறுநாளே மூட்டை கட்டினோம். பழக்க தோஷம், அஞ்சலையின் கை ஒரு சூம்பல் கொட்டையை எடுத்து வெளியே போடப் போனது. பட்டென்று ஒரு அடி போட்டேன். "இருக்கட்டும் வுடு. அதுவும் சீனா பாக்கட்டும்."

இரண்டு மாதம் கழித்து வீடியோ வந்தது. கொட்டையை மூன்று அளவாகப் பிரித்து, மூன்று வாயில் உடைக்கிற மாதிரி இயந்திரத்தை மாற்றியிருந்தாள் லியு அம்மா. கடைசியில் உள்ளங்கையில் ஒரு குட்டிப் பருப்பை வைத்துக் காட்டினாள். முழுசு! ஷெட்டே கத்தியது. அங்கேயே ஆர்டரைப் போட்டேன்.

அஞ்சலை வீடியோவை நாலு தரம் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தம்மாவ ஒரு தடவ வரச் சொல்லுக்கா. மிளகு ரசம் வெச்சி நானே சோறு பெசஞ்சி தரேன்."