துரோகி இல்லாத ஆட்டம்

அந்த ஆட்டத்தில் துரோகியே கிடையாது. துரோகி என்று எழுதிய சீட்டை நான் போடவே இல்லை!

இதைத்தான் மறைத்து வைத்திருக்கிறேன். முருகனுக்குத் தெரியாது. தனாவுக்குத் தெரியாது. அன்சருக்கு... அவனுக்குத் தெரியவே கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அவனுக்குத் தெரிந்தவரா? கள்ளக்குறிச்சிப் பக்கமா? அப்படியென்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். நிறுத்த மாட்டீர்கள். தெரியும்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். மலைமேல் கரியாலூர்ப் பக்கமிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவந்து ஆலையில் இறக்குவது என் பிழைப்பு. மற்ற மூவரும் என்னோடு சின்ன வகுப்பில் படித்தவர்கள். அவர்கள் கல்லூரிவரை போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அன்சர் வீட்டுச் செருப்புக்கடை மாடியில் கூடுவோம். முருகன் பெங்களூரில் வேலை பார்த்தபோது கற்றுவந்த மேஜை விளையாட்டு ஒன்றை ஆடுவோம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேடமாக அந்தக் கதைக்குள்ளேயே பேச வேண்டும். வாள்வீச்சு பலித்ததா, கதவு திறந்ததா என்பதைப் பகடை சொல்லும். ஆளுக்கொரு சீட்டு எடுப்போம்; 'துரோகி' என்ற சீட்டு வந்தவன் ரகசியத் துரோகி, மற்றவர்கள் காவலர்கள். அவனை மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

கதை சொல்வது நான்தான். நன்றாகச் சொல்கிறேன் என்பார்கள். ஆனால் விதிப்புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அவர்கள் மூவரும் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். எதற்குச் சிரித்தார்கள்? என்னைப் பற்றியா? நான் படியேறி வந்ததும் பேச்சு நின்றதே, அது ஏன்? நான் இல்லாமல் தனியாக வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்களோ? மலைப்பாதையில் வண்டி ஓட்டும்போதெல்லாம் இதே நினைப்பு...

ஒருநாள் தனாதான் ஆரம்பித்தான். "உக்காந்துகினே எத்தினி நாளுடா ஆடறது? மலைக்கே போயி நெஜமா ஆடலாம்டா. ஏழுமலைக்குத்தான் அங்க எல்லா எடமும் தெரியுமே."

ஏழுமலை என்பது நான். மேஜை விளையாட்டை மலைக்கு ஏற்றபடி மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சந்தோஷம் தாளவில்லை! பாறையில் பகடை உருட்டினால் இடுக்கில் விழுந்துவிடும். அதனால் புளியங்கொட்டையைக் கைக்குள் மூடி, ஒத்தையா ரெட்டையா கேட்பது என்று மாற்றினேன். தண்ணீர்க் குழாயில் பஞ்சு சுற்றி வாள் செய்தேன். கதை சொல்பவனும் ஒரு சீட்டு எடுத்துக் கூடவே நடக்க வேண்டும் என்று வைத்தேன். சீட்டைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.

மேஜையில், துரோகி இவன்தான் என்று விரல் நீட்டுவோம். மலையில் அது எடுபடாது என்று பட்டது. சந்தேகப்படுகிறவன் அந்த ஆளுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். எல்லாரும் முதுகைக் காட்டிவிட்டால் அவன் ஒரு வார்த்தை பேசாமல், வண்டி நிற்கும் இடத்துக்குத் தனியாக நடந்து போக வேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு முருகன், "டேய், நீ மட்டும் படிச்சிருந்தன்னா எங்கியோ போயிருப்படா" என்றான். புகழ்ச்சியா, குத்தலா? வெகுநேரம் யோசித்தேன்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. எல்லாச் சீட்டிலும் 'காவலன்' என்றே எழுதிவிட்டால்? துரோகியே இல்லாதபோது இவர்கள் யாரைச் சந்தேகிப்பார்கள்? என்னைத்தான். நிச்சயம் என்னைத்தான்! என்னைப் பற்றி மனசுக்குள் வைத்திருப்பது அன்றைக்கு வெளியே வந்துவிடும். கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்...

கதைப்படி, ஒரு ஊரின் விதைநெல் மூட்டையை நாங்கள் பத்திரமாக மலை கடத்த வேண்டும். கரியாலூரைத் தாண்டி வண்டியை விட்டு நடந்தோம். பகலிலும் பனிமூட்டம். மதியம் அன்சர் ஓடையில் கைகால் கழுவிக்கொண்டு தொழுகைக்கு ஒதுங்கினான். மற்ற இருவரும் போட்டோ எடுக்கப் போனார்கள். நான் மூட்டையைத் தூக்கிப் புதருக்குள் தள்ளினேன். யாராவது துரோகம் செய்தால்தானே ஆட்டம் நகரும்?

மூட்டையைக் காணோம் என்றதும் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். இதோ திரும்பப் போகிறார்கள், என் பக்கம்...

திரும்பவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"நமாசுக்குப் போறேன்னு போனியே, மூட்டைய எங்கடா பொதச்ச?" என்றான் தனா. முருகன் சிரித்தான். அன்சரும் சிரித்தான்.

"டேய், நான் இல்லடா. காவலன்டா நானு."

"துரோகி வேற இன்னா சொல்லுவான்?"

"அல்லா மேல சத்தியமா நான் இல்லடா!"

"ஆட்டத்துல சத்தியம்லாம் செல்லாது மச்சி" என்று தனா முதுகைக் காட்டினான். முருகனும் காட்டினான். இருவர் தோளும் சிரிப்பில் குலுங்கின. அதைப் பார்த்ததும் அன்சரின் சிரிப்பு நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பினான்.

"ஏழுமல, நீ சொல்றா. உனுக்குங்கூடவா என் மேல?"

ஒரு சொல் போதும். துரோகிச் சீட்டே போடவில்லை, மூட்டை புதருக்குள் கிடக்கிறது... ஒரே ஒரு சொல்! எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. அவர்கள் சந்தேகப்பட்டது என்னை இல்லை. இப்போது நான் வாயைத் திறந்தால்? மூன்று பேரும் என் பக்கம் திரும்புவார்கள்.

நான் முதுகைக் காட்டினேன்.

சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. விதிப்படி அவன் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் இறங்கிப் போனபோது வண்டியருகில் அவன் இல்லை. வந்த ஏதோ ஒரு வண்டியில் ஏறிப் போய்விட்டிருந்தான்.

"வெளையாட்டுக்கு இப்டியா கோச்சிக்கினு போவான்?" என்றான் தனா. உண்மையாகவே அவனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அன்சர் தொழுத நேரம், அவன் பெயர், அவன் வைத்த சத்தியம்... எதைப் பார்த்து மூன்று முதுகும் திரும்பின என்று அவன் நினைத்திருப்பான்? தனாவும் முருகனும் அதைத்தான் பார்த்தார்களா? தெரியாது. அதற்குமேல் யோசிக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

செருப்புக்கடை மாடியில் கூடுவது நின்றுபோயிற்று. பிறகொரு நாள் அன்சர் வண்டி ஸ்டாண்டுக்கே என்னைத் தேடி வந்தான்.

"ஆட்டத்த வுடு. அந்தச் சீட்டு யார்கிட்டடா இருந்திச்சு? தான்தான் எடுத்தோம்னு தெரிஞ்சிக்கினே என் சத்தியத்தக் கேட்டுக்கினு நின்னான் பாரு... அவன் யாருன்னு மட்டும் சொல்லு."

இப்போதாவது சொல்லியிருக்கலாம் என்கிறீர்களா? சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தனா" என்றேன்.

எப்படி வந்தது அந்தப் பெயர்? இன்றுவரை தெரியவில்லை!

"நெனச்சேன். அவன்தான் மொதல்ல வாயத் தொறந்தான்" என்று என் தோளில் கை வைத்தான் அன்சர். "நீ ஒர்த்தன்தான்டா உண்மைய சொன்ன."

தனா தங்கச்சி கல்யாணம் வடக்கனந்தலில் நடந்தது. அன்சர் வரவில்லை. பந்தியில் தனா என் பக்கம் குனிந்து, "அவன் ஏன்டா வரல? உன்கிட்ட ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்டான். முகம் வாடியிருந்தது. "இல்லையே" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினேன்.

இப்போது அன்சர் எங்கள் கூட்டத்தில் என்னிடம் மட்டும்தான் பேசுகிறான். அடிக்கடி கூப்பிடுகிறான். போனில் அவன் பெயரைப் பார்த்ததும், தெரிந்துவிட்டதோ என்றுதான் முதலில் நினைக்கிறேன். எடுக்கிறேன்.

"சாப்ட்டியாடா?" என்கிறான்.

எதற்குக் கேட்கிறான்...?