காலியாக இருந்த ஆணி

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டேதான் பேசுவார். நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க மாட்டார். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவோம். தராசுக்குப் பின்னால் வீட்டுக்கு ஓர் ஆணி அடித்து வைத்திருந்தார்.

தொண்ணூறுகளில் மெயின் ரோட்டில் பெரிய கடை வந்ததும் நான் அங்கே மாறிவிட்டேன். அவர் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்தது. சாவி கொடுப்பதையும் நிறுத்திவிட்டு, பின்தெரு வழியாகப் போய்வந்தேன்.

ஒரு நாள் மழைக்காகப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். தெரிந்ததும் கம்பெனியிலிருந்து ஓடிவந்தேன். வீடு பூட்டியபடி இருந்தது. ஆறு வயது மகளைக் காணவில்லை. எங்கெங்கோ தேடிவிட்டு, கடைசியில் அவர் கடைக்குப் போனேன்.

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அவள் பொட்டுக்கடலை தின்றுகொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இன்னாத்துக்கு நைனா இப்டி ஓடியாற? பாப்பா இங்கதான் கீது," என்றார், பொட்டலம் மடித்தபடியே. "அரிசிய எங்க வேணா வாங்கிக்க. சாவிய இங்க குட்துட்டுப் போ."

யார் முகத்தையும் பார்க்காதவர் மழையில் அவளை எப்படித்தான் கண்டுகொண்டாரோ. தராசுக்குப் பின்னால் எங்கள் ஆணி காலியாகவே இருந்தது. அத்தனை மாதமும் அதில் அவர் வேறு யார் சாவியையும் மாட்டவில்லை.