எட்டுப் படகும் எட்டுச் சுக்கானும்

கண்ணாடிக்கடைக்காரருக்கு இன்னொரு பெயரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்த்தேக்கத்தில் பாய்மரப் படகு ஓட்டுகிற கூட்டம் அவரைச் 'சுக்கான்' என்று சொல்லும், அவர் இல்லாதபோது மட்டும். அது அவருக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தெரியும். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

கடையில் அவரைப் போலப் பொறுமைசாலி கிடையாது. அலமாரியில் உள்ள பிரேம் அத்தனையையும் மாட்டிப் பார்த்துவிட்டு "முதல்ல போட்டதே தேவலை" என்கிற ஆளுக்கும், அந்த முதல் பிரேமை மறுபடி துடைத்து முகம் கோணாமல் நீட்டுவார். "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை மூச்சுக்கூடப் பலமாக விடமாட்டார்.

அதே மனிதர் படகில் ஏறிச் சுக்கானைப் பிடித்துவிட்டால் போதும், ஆளே வேறு.

அவர்களுடையது இருவர் ஓட்டும் சின்னப் படகு. பின்னால் இருப்பவர் சுக்கானைப் பிடித்துப் படகைத் திருப்புவார். முன்னால் இருப்பவர் முன்பாயின் கயிற்றைப் பிடிப்பார். படகைத் திருப்பும்போது பாயின் அடிக்கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசிக்கொண்டு வரும். தலையைக் குனியாவிட்டால் தலைதான் போகும். அதற்காகவே அவர்களுடைய படகுச் சங்கத்தில் ஒரு முறை வைத்திருந்தார்கள். பின்னால் இருப்பவர் "ரெடியா?" என்று கேட்க வேண்டும். முன்னால் இருப்பவர் "ரெடி" என்ற பிறகுதான் திருப்ப வேண்டும். நம் ஆளும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் கேட்பார். ஆனால் அந்த 'யா' வாயைவிட்டு வெளியே வருவதற்குள் படகு திரும்பியிருக்கும்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். பல வருஷம் அவருக்கு முன்னால் உட்கார்ந்தவள். ஒரு நாள் காதுக்கு மேலே எலுமிச்சை அளவுக்கு வீங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். சிகிச்சைக்கு வந்தவர்களெல்லாம் அவளை உட்காரச் சொல்லி ஆறுதல் சொன்னார்களாம். "இனிமே நான் கரையில இருந்தே ரசிக்கிறேன்" என்று அன்றோடு இறங்கிவிட்டாள். அடுத்து உட்கார்ந்தவன் அவள் தம்பி, பல் டாக்டர். அவனும் ஒரே பருவத்தில் ஓடிவிட்டான். மற்றப் படகுகளிலும் இதே கதைதான். கடைசியில் சங்கத்தில் எட்டுப் படகும் சுக்கான் பிடிக்க எட்டுப் பேரும் மிஞ்சினார்கள். கயிறு பிடிக்க ஒருத்தரும் இல்லை.

படகுகள் கொட்டகையிலேயே கிடந்தன. நீர்த்தேக்க அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு பந்தயத்துக்குப் படகு இறங்காவிட்டால், கொட்டகையை மிதிபடகு விடுகிறவருக்குக் கொடுத்துவிடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்னப்பறவை உருவத்தில் இருக்குமே, உட்கார்ந்து சைக்கிள் மாதிரி மிதிக்கிறது, அந்தப் படகு. கண்ணாடிக்கடைக்காரருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அதற்காகத்தான் இந்தக் கூட்டம். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அவர் பத்தாண்டுத் திட்டம் ஒன்று தயாரித்து, கலர் கலராகப் பெரிய அட்டையில் எழுதி, கொட்டகையில் உலர்த்தப்போட்ட பாய்களுக்கு நடுவே மாட்டியிருந்தார். தலைவர், சுக்கான் பிடிக்கும் எட்டுப் பேரில் ஒருவரான ஓய்வுபெற்ற சர்வேயர், முன்வரிசையில் உட்கார்ந்து வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். படகைவிட்டு இறங்கிப்போனவர்களில் ஏழெட்டுப் பேரும் வந்திருந்தார்கள். சந்தா கட்டியவர்கள், வராதே என்று யாரும் சொல்ல முடியாது.

"அடுத்த பத்து வருஷத்துல நம்ம சங்கம்..." என்று ஆரம்பித்தார்.

"பத்து வருஷம் கிடக்கட்டும் சார்," என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமலே. "அடுத்த ஞாயித்துக்கிழமை எத்தனை படகு இறங்கும்?"

செயலாளர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "புதுசா ஆள் சேர்க்கணும். காலேஜ் காலேஜா போய்ப் பேசணும். பனியன் அடிக்கணும். எல்லாருக்கும் சம்மதந்தானே? சரி, அடுத்தது..."

"என்னங்க," என்றாள் மனைவி.

"என்ன?"

"சம்மதமான்னு கேட்டீங்க. யாரும் வாயைத் தொறக்கறதுக்குள்ள அடுத்ததுக்குத் திரும்பிட்டீங்க."

"அக்கா, குனிஞ்சுக்கோ!" என்று கத்தினான் பல் டாக்டர். கொட்டகையே சிரித்தது. தலைவர்கூட ஒரு கண்ணைத் திறந்தார்.

"கேட்டேனே! யாரும் வேணாம்னு சொல்லலையே?"

"என் மண்டை வீங்கினப்பவும் இதையேதான் சொன்னீங்க."

அவர் அட்டையைப் பார்த்தார். அது உதவிக்கு வரவில்லை.

அவள் எழுந்து நின்றாள். "காலேஜுக்கெல்லாம் போக வேண்டாம். இறங்கிப் போனவங்க எல்லாரையும் நானே கூப்பிட்டுப் பேசிட்டேன். திரும்பி வர்றாங்களாம். ஒரே ஒரு நிபந்தனை. இந்தப் பருவம் முழுக்க அவங்க பின்னாடி, நீங்க எட்டுப் பேரும் முன்னாடி."

"முன்னாடியா?" என்றார் அவர், யாரோ தன்னைப் படகுக்கு அடியில் உட்காரச் சொன்ன மாதிரி. "நாங்க ஓட்டுறவங்கம்மா!"

"ஓட்டித்தான் எல்லாரையும் ஓட்டிவிட்டீங்களே!"

கை தூக்கச் சொன்னார்கள். இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவு. மிச்சம் இருந்தது செயலாளரின் கை மட்டும். எல்லோரும் அதையே பார்த்தார்கள். அவர் கதவு வழியாக வெளியே பார்த்தார். கரையில் மாதிரிக்கு என்று இரண்டு அன்னங்களை ஏற்கெனவே இறக்கிவைத்திருந்தார்கள். கழுத்தை வளைத்து, சிவப்புச் சாயம் பூசிய அலகோடு, அவை கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தன. சுக்கானைக் கொடுத்தால் ஒரு பருவம் போகும். கொட்டகை போனால் ஞாயிற்றுக்கிழமையே போய்விடும்.

கை தானாகவே மேலே போயிற்று.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார். இனி ஓட்டப்போகிறவர்கள் தங்களுக்கு முன்னால் உட்கார ஆளைப் பொறுக்க வேண்டியிருந்தது. மனைவி யோசிக்காமல் தலைவரைச் சொன்னாள். செயலாளர் பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டு மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"அத்தான், உங்களை வச்சுக்கிட்டு நான் ஓட்டணும்னா, முதல்ல உங்க வாய்க்கு மரத்துப்போற ஊசி போடணும். அது பாதி வழியில தெளிஞ்சிடும்," என்றான் பல் டாக்டர்.

மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பொறுக்கி முடித்தார்கள். கடைசியில் அவர் மட்டும் நின்றார், அளவு சரியில்லாமல் கடையிலேயே தங்கிப்போன பிரேம் மாதிரி. இறங்கிப்போனவர்களில் இன்னும் ஆள் பொறுக்காமல் இருந்த பேக்கரிக்காரர் மூலையிலிருந்து எழுந்தார்.

"சாரை நான் ஏத்திக்கறேன். எனக்குத்தான் ஒரு காது கேக்காதே."

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் படகும் இறங்கின. பேக்கரிக்காரர் கோணலும் மாணலுமாக, ஆனால் மிகுந்த சந்தோஷத்தோடு ஓட்டினார். தூரத்தில் தண்ணீர் கறுத்துக் காற்று வருவது செயலாளருக்குத் தெரிந்தது. "வலது பக்கம்!" என்று வாயில் வந்துவிட்டது.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல."

முன்னால் உட்கார்ந்தால் பெரிய பாய் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. என்ன நடக்கிறது என்றே தெரிவதில்லை. அலை மட்டும் நேரே முகத்துக்கு வந்தது. மூக்கில் ஏறிய தண்ணீரைச் சிந்திவிட்டு அவர் யோசித்தார். இத்தனை வருஷமாக இதெல்லாம் அவள் முகத்தில்தான் விழுந்திருக்கிறது. அதனால்தான் அவரால் எப்போதும் நனையாமல் வீடு திரும்ப முடிந்திருக்கிறது.

அவர்கள் கடைசியாக வந்தார்கள். அவர் மனைவி நடுவில் எங்கோ வந்தாள். எட்டுப் படகையும் பார்த்த அதிகாரி அன்னங்களை எதிர்க்கரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்.

செயலாளர் சொட்டச் சொட்ட மனைவியிடம் போனார். பந்தயத்தில் சுற்றிவர வேண்டிய இரண்டாவது மிதவையை அவள் ரொம்ப அகலமாகச் சுற்றிவிட்டாள். அத்தனை தூரத்திலிருந்தும் பார்த்துவிட்டார்.

"என்னமோ சொல்ல வர்றீங்க," என்றாள் அவள், பாயை அவிழ்த்துக்கொண்டே.

"இல்லையே."

"பரவால்ல, சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமினார். "அடுத்த வாரம் பேக்கரிக்காரர் ஊர்ல இல்லையாம். உன் படகுல முன்னாடி இடம் இருக்கா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். தலைவர் படகிலேயே, கயிற்றைப் பிடித்தபடி, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அவரைக் கேட்டுத்தான் சொல்லணும். எழுந்திரிக்கட்டும்," என்றாள். "அதுவரைக்கும் இந்தப் பாயோட அந்த முனையைப் பிடிங்க, மடிக்கலாம்."