கொஞ்சம் உறுமல் இருக்கட்டும்

தம்பி வென்றதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம். நான்கு வயதில் சூம்பிப்போன இடது காலோடு ஏணி ஏறி ஒலிபெருக்கி கட்டினான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே, மற்றவர்கள் கைவிட்ட ஆம்ப்ளிஃபயர்களைப் பேசவைத்தான். எடுபிடியாய் நுழைந்த ரிப்பேர் கடையில் முப்பத்தொரு வயதில் தனி மேசை வாங்கினான். எண்கள் அத்துப்படி, எழுத்து மட்டும் ஏறவில்லை. கையெழுத்து கேட்ட இடத்திலெல்லாம் கட்டைவிரலை நீட்டினான். ஐந்தாவது படித்த அக்கா சொல்லித்தர உட்கார்ந்தால், "நீ எழுத்தைவிட குட்டுதான் அதிகம் தருவே" என்று நழுவிவிடுவான்.

அம்மாவுக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. அதற்குள் அந்தக் குரலைக் கேசட்டில் பிடித்துவிட வேண்டும் என்று தம்பி பிடிவாதமாய் நின்றான்.

அவர்கள் குடியிருந்தது ஐஸ் தொழிற்சாலையின் மாடியில். கீழே கம்ப்ரசர் இரவு பகல் உறுமும், தரையே அதிரும். படி இறங்கி வேறிடம் போக அம்மாவுக்கு மூச்சில்லை. முதல் பதிவில் அம்மா உறுமலுக்கு அடியில் புதைந்து கிடந்தாள்.

தம்பி மைக் கம்பியின் நடுவே ஒரு கண்டென்சர் வைத்தான். அதைத் தாண்டி ஒரு ரெசிஸ்டரை எர்த் கம்பியோடு இணைத்தான்.

"கனத்த சத்தம் இதத் தாண்டாதுக்கா. மெல்லிசுதான் போகும்."

உறுமல் துளிகூட வரக்கூடாது என்று, கையில் இருந்ததிலேயே சிறிய கண்டென்சராகப் போட்டான். உறுமல் போயே போய்விட்டது. ஆனால் அம்மாவுடையது போனில் பேசுகிறவர்கள் "ஐயா" என்று கூப்பிடும் கனத்த குரல். கேசட்டில் கீச்சென்று எதுவோ பேசியது.

"யாருடா இவ? கொசுவுக்குப் பொறந்தவளா?" என்று அம்மா கரகரத்துச் சிரித்தாள்.

"சத்தத்தத் தொரத்தறேன்னு அம்மாவையே தொரத்திட்டியேடா" என்றாள் அக்கா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்று அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் பத்து மடங்கு பெரிய கண்டென்சரை வைத்துப் பற்றவைத்தான். குரலின் கனம் திரும்பியது. பின்னால் மெல்லிய உறுமலும் வந்தது.

"கொஞ்சம் உறுமல் இருக்கட்டும்க்கா. அதையும் எடுத்தா அம்மா இருக்க மாட்டா."

என்ன பேசுவது என்று அம்மா யோசித்தாள். பிறகு ஒரு தாளில் அவன் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டு, மைக்கை வாயருகே இழுத்தாள்.

"பேனாவ எடு. மொதல்ல கொம்பு. அவசரப்படாதே. இப்பக் கால இழு... கடைசி எழுத்துக்குப் புள்ளிடா, மறந்துடாதே."

அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு எழுதினான். அக்கா எண்ணிப் பார்த்தாள்: பதினான்கு தாள், இரண்டு பக்கமும்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சம்மதப் படிவத்தோடு மைப்பெட்டியையும் நீட்டினாள். அவன் மைப்பெட்டியை ஒதுக்கிவிட்டுப் பேனாவை வாங்கினான். அம்மாவின் குரலை எடுத்துவிடச் சம்மதம் என்ற வரிக்குக் கீழே கொம்பு போட்டான், கால் இழுத்தான். கடைசி எழுத்தில் கை நின்றுவிட்டது.

"புள்ளி" என்றாள் அம்மா, தள்ளுகட்டிலில் இருந்து. அக்கா அந்தக் குரலை நேரில் கேட்டது அதுதான் கடைசி.

அவன் வைத்தான். பக்கத்தில் தேதியை அக்கா எழுதினாள்: 1998 மார்ச் 17, செவ்வாய்.